ஃபுஜீ சோட்டா: ஷோகி வீரரைப் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

சதுரங்கம் ஆடும் நண்பர்களிடம் ஷோகியைப் பற்றிப் பேச்செடுத்தால், பேச்சு ஐந்தாவது நிமிடத்தில் ஃபுஜீ சோட்டாவிடம் வந்து நின்றுவிடும். அதன்பிறகு வரும் கேள்விகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி அலுத்துப் போனதால், அவற்றைக் கேட்டவர்களின் சொற்களிலேயே இங்கே தொகுத்து வைக்கிறேன்.

ஷோகின்னா என்ன? ஜப்பான்காரங்க ஆடுற செஸ்தானே?

ஒரே குடும்பம்தான். இந்தியச் சதுரங்கத்தின் வழிவந்த ஆட்டங்களில் ஷோகியும் ஒன்று. ஒன்பதுக்கு ஒன்பது கட்டங்கள், ஆளுக்கு 20 காய்கள். காய்களில் நிறவேறுபாடு கிடையாது. எல்லாம் கூர்முனை கொண்ட ஐங்கோண மரத்துண்டுகள். முனை எதிராளியை நோக்கியிருந்தால் அது நம்முடைய காய். எதிராளியின் பக்கத்துக் கடைசி மூன்று வரிசைகளை எட்டும் காய், ராஜாவும் தங்கத் தளபதியும் தவிர, புரட்டிப்போடப்பட்டுக் கூடுதல் வலிமை பெறலாம்.

செஸ்ஸிலிருந்து ஷோகியைப் பிரிப்பது வேறொரு விதி. வெட்டிய காய் ஆட்டத்தை விட்டுப் போவதில்லை. அதை நம் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நம் முறை வரும்போது பலகையில் காலியாக உள்ள கட்டத்தில் நம் காயாக இறக்கலாம். ஆகவே காய்கள் குறைந்து ஆட்டம் அடங்கிப் போவது என்பதே இல்லை. முடிவு நெருங்க நெருங்கச் சிக்கல் கூடுகிறது. கீழே பல பதில்களில் இந்த விதியை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டியிருக்கும்.

இந்த ஃபுஜீ சோட்டா யார்? ஃபுஜி மலையோட பேரா?

மலைக்கும் அவருக்கும் தொடர்பில்லை. ஃபுஜீ என்பது குடும்பப் பெயர். எழுத்துப்படி பார்த்தால் கொத்துக் கொத்தாக ஊதாப் பூக்கும் ஒரு கொடியும் கிணறும் சேர்ந்த சொல். 2002 ஜூலை 19 அன்று அய்ச்சி மாநிலத்தில், பீங்கான் தொழிலுக்குப் பெயர்போன செட்டோ நகரத்தில் பிறந்தார். 2023-இல், 21 வயதில், தொழில்முறை ஷோகியின் எட்டுப் பெரும் பட்டங்களையும் ஒரே நேரத்தில் வைத்திருந்த முதல் மனிதரானார்.

யார் சொல்லிக் கொடுத்தது? அப்பா அம்மா ஆடுவாங்களா?

ஆட்டத்தை அறிமுகம் செய்தவர் பாட்டி. ஐந்து வயதுப் பேரனுக்கு அவர் கொடுத்தது குமான் நிறுவனம் குழந்தைகளுக்காகத் தயாரிக்கும் ஷோகிப் பலகை. அதன் காய்களில், எந்தக் காய் எந்தப் பக்கம் நகரும் என்பது அம்புக்குறிகளாக அச்சிடப்பட்டிருக்கும். எழுத்து படிக்கத் தெரியாத பிள்ளையும் ஆட முடியும். சில மாதங்களிலேயே வீட்டில் அவருக்கு ஈடுகொடுக்க ஆளில்லாமல் போக, உள்ளூர் ஷோகி வகுப்பில் சேர்த்தார்கள்.

2010-இல், எட்டு வயதில், நகோயாவில் நடந்த ஒரு விழாவில் மெய்ஜின் என்னும் பெரும் பட்டத்தை முன்பு வைத்திருந்த தனிகவா கோஜியோடு அவர் ஆடினார். தனிகவா பலரோடு ஒரே சமயம் ஆடிக்கொண்டிருந்தார். நேரம் முடியும் தறுவாயில் சிறுவனின் நிலை மோசமாக இருந்தது. சமன் என்று வைத்துக்கொள்வோமா என்று தனிகவா கனிவோடு கேட்டார். சிறுவன் பலகையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதான். அம்மா வந்து பிரித்து எடுக்க வேண்டியிருந்தது. அவரைப் பற்றிச் சொல்லப்படும் எல்லாப் புள்ளிவிவரங்களையும்விட இந்தக் காட்சிதான் எனக்கு அவரை அடையாளம் காட்டுகிறது.

14 வயசுல ப்ரொஃபஷனல் ஆனார்ங்கறாங்க. செஸ்ல 12 வயசுலேயே கிராண்ட்மாஸ்டர் ஆகலையா?

இரண்டையும் ஒப்பிட முடியாது. கிராண்ட்மாஸ்டர் என்பது தகுதியை நிரூபித்தால் கிடைக்கும் பட்டம். எத்தனை பேர் வேண்டுமானாலும் பெறலாம். ஷோகியில் தொழில்முறை வீரராவது, இடங்கள் எண்ணி வைக்கப்பட்ட ஒரு வாசலுக்குள் நுழைவது. ஷோரேகாய் என்னும் பயிற்சிக் கழகத்தில் கீழ்நிலையில் சேர்ந்து, மூன்றாம் 'தான்' ('தான்' என்பது ஷோகியின் தரநிலைப் படி) வரை ஏறி, அங்கே நடக்கும் அரையாண்டு லீக்கில் முதல் இரண்டு இடங்களுக்குள் வந்தாக வேண்டும். அப்போதுதான் நான்காம் 'தான்' கிடைக்கும், அதுதான் தொழில்முறை. ஆக, இந்த வழியில் ஆண்டுக்கு வழக்கமாக நான்கு பேர்தான் உள்ளே வருகிறார்கள். 26 வயதுக்குள் வராவிட்டால், விதிவிலக்குகள் சில இருந்தாலும், பொதுவாக வெளியேற வேண்டியதுதான்.

ஃபுஜீ 2012-இல் பத்து வயதில் ஷோரேகாயில் சேர்ந்தார். ஆசிரியர் நகோயாவைச் சேர்ந்த சுகிமோட்டோ மசாடகா. மூன்றாம் தான் லீக்கைத் தம் முதல் முயற்சியிலேயே 13 வெற்றி, 5 தோல்வியோடு முதலிடத்தில் முடித்து, 2016 அக்டோபர் 1 அன்று 14 வயது 2 மாதத்தில் தொழில்முறை வீரரானார். அதற்கு முந்தைய சாதனை 1954-இல் கட்டோ ஹிஃபுமி படைத்தது: 14 வயது 7 மாதம்.

முதல் 29 ஆட்டமும் ஜெயிச்சாராமே. புதுசா வந்தவருக்கு லேசான ஆளுங்களைத்தான் கொடுத்திருப்பாங்க?

புதியவர்கள் போட்டிகளின் அடிமட்டச் சுற்றுகளில் ஆடத் தொடங்குவது உண்மைதான். தொடக்கத்திலேயே பட்டம் வைத்திருப்பவர்களோடு மோத வேண்டியதில்லை. ஆனால் மேலே சொன்ன வாசலைக் கடந்தவர்கள்தான் அந்த அடிமட்டத்திலும் உட்கார்ந்திருக்கிறார்கள். எல்லாத் தொழில்முறை வீரர்களுக்குமான தொடர்வெற்றிச் சாதனை 1987-இல் கமியா ஹிரோஷி எட்டிய 28. முப்பது ஆண்டுகள் யாரும் தாண்டாத அந்த எண்ணை, அறிமுக ஆட்டத்திலிருந்தே ஒரு தோல்வியும் இல்லாமல், எட்டாம் வகுப்பு முடித்த சில மாதங்களில் ஒரு மாணவர் தாண்டினார்.

அந்த அறிமுக ஆட்டத்தைத் தனியே சொல்ல வேண்டும். 2016 டிசம்பர் 24 அன்று எதிரே அமர்ந்தவர், முந்தைய பதிலில் பெயர் வந்த அதே கட்டோ ஹிஃபுமி. அவருக்கு வயது 76. எவருடைய சாதனையை முறியடித்தாரோ அவரோடே முதல் ஆட்டம். 110 நகர்வுகளில் இளையவர் வென்றார். தொடர் 2017 ஜூன் 26 அன்று 29-ஐத் தொட்டது. ஜூலை 2 அன்று சசாகி யூகி அதை நிறுத்தினார். சசாகி 29-ஆவது ஆட்டத்தின்போது ஆடுகூடத்துக்கே நேரில் வந்து, கேமராக் கூட்டத்துக்கு நடுவே நின்று, தாம் அடுத்துச் சந்திக்கப்போகும் சிறுவனை உற்றுப் பார்த்துவிட்டுப் போனவர்.

எட்டுப் பட்டம்னா? ஒரே ஒரு உலக சாம்பியன்னு கிடையாதா?

கிடையாது. மெய்ஜின், ரியூஓ, ஓயி, ஓசா, ஓஷோ, கியோ, கிசெய், எய்ஓ என்று எட்டுப் பட்டங்கள். ஒவ்வொன்றுக்கும் தனித் தகுதிச்சுற்று. அதில் வெல்பவர் பட்டம் வைத்திருப்பவரை அறைகூவுகிறார். மெய்ஜின், ரியூஓ, ஓயி, ஓஷோ ஆகிய நான்கில் ஏழு ஆட்டத் தொடர். மற்றவற்றில் ஐந்து ஆட்டத் தொடர். மெய்ஜினின் பெருமை அதன் தொன்மையில். ரியூஓவின் பெருமை அதன் பரிசுத்தொகையில்.

எட்டையும் வைத்திருப்பவர் ஆண்டு முழுவதும் ஊர் ஊராகப் போய்ப் பட்டங்களைத் தற்காத்துக்கொண்டே இருக்க வேண்டும். ஒன்று முடிந்தால் அடுத்தது, சில சமயம் இரண்டு தொடர்கள் ஒன்றோடொன்று பின்னியும் வரும். இந்தப் பாரத்தைப் பட்டியல்கள் சொல்வதில்லை.

எந்தப் பட்டத்தை எப்ப ஜெயிச்சார்? வரிசையா சொல்லுங்க.

2020 ஜூலை 16 அன்று, 18 வயது நிறைய மூன்று நாள் இருக்கும்போது, வத்தனாபே அகிராவிடமிருந்து கிசெய். மிக இளம் வயதில் பட்டம் வென்றவர் என்ற யாஷிகி நொபுயுகியின் 1990-ஆம் ஆண்டுச் சாதனை அன்று முடிவுக்கு வந்தது. அதே ஆகஸ்டில் கிமுரா கசுகியிடமிருந்து ஓயி. 2021-இல் தோயோஷிமா மசாயுகியிடமிருந்து செப்டம்பரில் எய்ஓ, நவம்பரில் ரியூஓ. பிறகு மூன்றும் வத்தனாபேயிடமிருந்து: 2022 பிப்ரவரியில் ஓஷோ, 2023 மார்ச்சில் கியோ, 2023 ஜூன் 1 அன்று மெய்ஜின். மெய்ஜின் ஆனபோது வயது 20 ஆண்டு 10 மாதம். 1983-இல் 21 வயது 2 மாதத்தில் அந்த இடத்தைப் பிடித்தவர், சிறுவனை அழவைத்த அதே தனிகவா.

எட்டாவதான ஓசா 2023 அக்டோபர் 11 அன்று நகாசே தகுயாவிடமிருந்து வந்தது. அந்த ஆட்டத்துக்குக் கடைசிப் பதிலில் வருகிறேன்.

ஸ்கூலை பாதியிலே விட்டுட்டாராமே?

பாதியில் அல்ல, ஏறக்குறைய முடிவில். நகோயா பல்கலைக்கழகத்தோடு இணைந்த மேல்நிலைப் பள்ளியில் இறுதியாண்டு படித்துக்கொண்டிருந்தவர், 2021 ஜனவரி முடிவில், பட்டமளிப்புக்குச் சில வாரங்களே இருக்கும்போது விலகினார். அப்போது அவர் கையில் ஏற்கெனவே இரண்டு பட்டங்கள் இருந்தன. இன்னும் சிறிது பொறுத்திருக்கலாமே என்று ஜப்பானிலும் பலர் ஆதங்கப்பட்டார்கள். அவர் ஷோகியில் முழுமையாக ஈடுபட விரும்புவதாகச் சொன்னதோடு விஷயம் முடிந்தது.

படிப்பில் ஆர்வமற்றவர் என்று இதை வைத்து முடிவு கட்டிவிட வேண்டாம். 29 தொடர்வெற்றிகளின்போது, வெற்றியைப் பற்றி நிருபர்கள் கேட்டதற்கு அந்தப் பதினான்கு வயதுப் பையன், எதிர்பாராத பெரும்பேறு என்ற பொருளில், பெரியவர்களே எழுத்தில் மட்டும் காணும் ஒரு பழஞ்சொல்லைப் பயன்படுத்தினார். மறுநாள் அந்தச் சொல்லுக்கு என்ன பொருள் என்று தொலைக்காட்சிகள் விளக்கிக்கொண்டிருந்தன.

ஒரு ஆட்டம் ரெண்டு நாள் நடக்குமா? ராத்திரி யோசிச்சு வெச்சுக்க மாட்டாங்களா?

முன்பு சொன்ன ஏழு ஆட்டத் தொடர்களில் ஒவ்வோர் ஆட்டமும் இரண்டு நாள் நடக்கும். மெய்ஜினில் ஆளுக்கு ஒன்பது மணி நேரம், மற்ற மூன்றில் எட்டு மணி நேரம். இரவில் யோசிக்கும் வாய்ப்பு ஒருவருக்கு மட்டும் சாதகமாகிவிடாமல் இருக்க ஓர் ஏற்பாடு உண்டு. முதல் நாள் மாலையில் நகர்வு முறை யாருடையதோ அவர், தம் அடுத்த நகர்வைப் பலகையில் செய்யாமல், அச்சிட்ட நிலைப்படத் தாளில் சிவப்பு மையால் குறித்து உறையிலிட்டு ஒட்டுகிறார். மறுநாள் காலை நடுவர் கத்தரியால் உறையைத் திறந்து படித்த பிறகே ஆட்டம் தொடர்கிறது. இரவில் இருவரும் யோசிக்கலாம். ஒருவருக்குத் தாம் என்ன செய்தோம் என்று தெரியும், மற்றவருக்கு அது தெரியாது.

கம்ப்யூட்டரைப் பார்த்து மனப்பாடம் பண்ணித்தானே ஜெயிக்கிறார்?

மிக அதிகமாக வரும் கேள்வி இது. மென்பொருளை அவர் தீவிரமாகப் பயன்படுத்துகிறார் என்பதில் ஐயமில்லை. மூன்றாம் தான் காலத்தில் மூத்த வீரர் சிடா ஷோட்டாவின் ஆலோசனையால் தொடங்கினார். உதிரிபாகங்கள் வாங்கித் தம் கணினியைத் தாமே இணைக்கும் பழக்கமும் உண்டு. ஆனால் இன்றைய வீரர்கள் ஏறக்குறைய எல்லோருமே அதே மென்பொருட்களைக் கொண்டுதான் தயாராகிறார்கள். எல்லோரும் ஒரே பாடநூலைப் படிக்கும் வகுப்பில் ஒருவர் மட்டும் தொடர்ந்து பல ஆண்டுகள் 80 விழுக்காட்டுக்கு மேல் வென்றிருந்தால், காரணம் பாடநூலாக இருக்க முடியாது.

2020 ஜூன் 28 அன்று நடந்த கிசெய் தொடரின் இரண்டாம் ஆட்டம் நல்ல சான்று. ஆசிரியர் சுகிமோட்டோ பரிசளித்த கிமோனோவை அணிந்து வந்திருந்த ஃபுஜீ, 58-ஆவது நகர்வில் கையிலிருந்த ஒரு வெள்ளித் தளபதியைத் தம் ராஜாவின் அருகே, வெறும் தற்காப்பாகத் தோன்றும் ஒரு மூலையில் இறக்கினார். பார்த்தவர்களுக்கு அது பின்வாங்கலாகப் பட்டது. பிறகு சுய்ஷோ என்ற வலிமையான மென்பொருளிடம் அந்நிலையைக் கொடுத்தபோது, 40 கோடி நிலைகளை ஆராய்ந்த பின்னும் அந்த நகர்வு அதன் முதல் ஐந்து பரிந்துரைகளில் இல்லை. 60 கோடியை எட்டியபோது திடீரென்று முதலிடத்துக்கு வந்தது. இதை வைத்து 'கணினியை வென்ற நகர்வு' என்று தலைப்புப் போட்டவர்கள் சற்று மிகைப்படுத்தினார்கள் என்பது என் எண்ணம். அவர் 60 கோடி நிலைகளை எண்ணவில்லை. எண்ண வேண்டிய சிலவற்றைத் தெரிந்துகொண்டார், அவ்வளவுதான். ஆனால் மனப்பாடம் என்ற குற்றச்சாட்டுக்கு இதற்குமேல் பதில் தேவையில்லை.

அப்ப அவரோட உண்மையான பலம் எது?

சுமே ஷோகி. எதிரி ராஜாவைத் தொடர்ந்து முற்றுகையிட்டுக்கொண்டே வந்து கட்டிப்போட வேண்டிய புதிர்கள் இவை. செஸ்ஸில் 'நான்கு நகர்வில் மேட்' என்று வருமே, அந்த வகைதான். ஆனால் வெட்டிய காயை இறக்கும் விதி இருப்பதால் பல பத்து நகர்வுகளுக்கு நீளும். இதற்கென ஆண்டுதோறும் நடக்கும் தீர்வுப் போட்டியில் தொழில்முறை வீரர்களும் கலந்துகொள்கிறார்கள். 2015-இல், தொடக்கப்பள்ளி ஆறாம் வகுப்பில், 12 வயதில், ஃபுஜீ எல்லாப் புதிர்களையும் பிழையின்றித் தீர்த்து முதலிடம் பெற்றார். அதாவது, ஆடும் தகுதியைப் பெறும் முன்பே, கணக்கிடும் திறனில் தொழில்முறை வீரர்களை முந்திவிட்டார். 2019 வரை தொடர்ந்து ஐந்து முறை அந்த முதலிடம் அவருடையதே.

ஷோகியில் முடிவு நெருங்க நெருங்கச் சிக்கல் கூடும் என்று முதல் பதிலில் சொன்னேன் அல்லவா? எல்லோருக்கும் கண் மங்கும் அந்த இடத்தில்தான் இவருக்குப் பார்வை தெளிகிறது. எதிரி ராஜா எத்தனை நகர்வில் வீழ்வார், தம் ராஜா எத்தனை நகர்வு தாங்குவார் என்பதை ஒரு நகர்வு பிசகாமல் அளந்துவிட்டு, அந்த ஒரே ஒரு நகர்வு இடைவெளியில் வாழ்கிறார்.

எப்பவும் ஏறுமுகம்தானா? சறுக்கினதே இல்லையா?

சறுக்கியிருக்கிறார். மெய்ஜினை அறைகூவுவதற்குக் கீழிருந்து ஐந்து பிரிவுகளைக் கடந்து வர வேண்டும். ஆண்டுக்கு ஒரு படிதான் ஏறலாம். மேலிருந்து நான்காவது பிரிவில் 2018-19 பருவத்தில் அவர் 9 வெற்றி, 1 தோல்வி. அதே 9-1 கணக்கில் நால்வர் நின்றார்கள். அப்படி நின்றால் முந்தைய தரவரிசை முடிவு செய்யும். மேலே போன இருவரில் ஒருவர் அவருடைய ஆசிரியர் சுகிமோட்டோ. மாணவர் தங்கிவிட்டார். ஐம்பது வயதில் ஆசிரியர் பெற்ற அந்த ஏற்றத்தைக் கொண்டாடுவதா, மாணவருக்காக வருந்துவதா என்று ரசிகர்கள் குழம்பிய பருவம் அது. அடுத்த ஆண்டு ஃபுஜீ பத்துக்குப் பத்து வென்று மேலே போனார்.

வருமானம் எவ்வளவு?

2023-இல் பரிசுத்தொகையும் ஆட்டச் சம்பளமும் சேர்த்து 18 கோடியே 63 லட்சம் யென். அன்றைய மாற்று விகிதத்தில் 10 கோடி ரூபாய்க்கு மேல். 1995-இல் மூத்த வீரர் ஹபு யோஷிஹாரு படைத்த சாதனையை அது தாண்டியது. விளம்பர வருவாய் இதில் சேராது.

அவர் என்ன கேக் சாப்பிட்டார்னுகூட நியூஸ் வருதே, ஏன்?

எட்டு மணி நேர மௌனத்தை நேரலையில் காட்டும் தொலைக்காட்சிக்கு வேறு என்னதான் வழி? பட்டத் தொடர் நடக்கும் ஊர்களும் தங்கள் பலகாரத்தைப் பலகைக்கு அருகே கொண்டுவரப் போட்டி போடுகின்றன. நகோயாவில் அவர் குஞ்சுக்கோழி வடிவ இனிப்பு ஒன்றைத் தேர்ந்தெடுத்ததும், கடையில் அது விற்றுத் தீர்ந்தது.

எட்டுப் பட்டத்தையும் எத்தனை நாள் வெச்சிருந்தார்? யார் பறிச்சது?

254 நாள். 2024 ஜூன் 20 அன்று இட்டோ தகுமி, எய்ஓ தொடரை 3-2 என்று வென்றார். அதுவரை தாம் ஆடிய 22 பட்டத் தொடர்களையும் ஃபுஜீ இழந்ததில்லை. இட்டோவும் 2002-இல் பிறந்தவர், சில மாதங்கள் இளையவர். இருவரும் மூன்றாம் வகுப்பில் படித்தபோது, சிறுவர்களுக்கான தேசியப் போட்டியில் நேருக்கு நேர் மோதிய ஆட்டத்தில் இட்டோ வென்றார், ஃபுஜீ அழுதார்.

ஆனால் இதைப் பழிக்குப் பழி கதையாகச் சொல்வது பொருந்தாது. எய்ஓவுக்கு முன்பு ரியூஓவில் 0-4, கியோவில் 0-3 என்று இட்டோ துடைத்தெறியப்பட்டிருந்தார்; தொழில்முறை ஆட்டத்தில் ஃபுஜீயை அதுவரை ஒருமுறைகூட வென்றதில்லை. தோற்ற ஆட்டங்களில் இருந்தே எதிராளியைக் கற்றுக்கொண்டார் என்பதுதான் கதை. 2025 அக்டோபரில் ஓசா பட்டத்தையும் 3-2 என்று அவரே எடுத்துக்கொண்டார்.

ஹபு பெரியவரா, ஃபுஜீ பெரியவரா?

ஹபு 1996 பிப்ரவரியில், 25 வயதில், அன்றிருந்த ஏழு பட்டங்களையும் ஒருங்கே பிடித்தார். எய்ஓ அப்போது பட்டமே அல்ல, 2017-இல்தான் ஆனது. அவர் வாழ்நாளில் வென்ற பட்டங்கள் 99. இருவரும் ஒரே ஒரு பட்டத் தொடரில் மோதியிருக்கிறார்கள்: 2023 ஓஷோ. 52 வயது ஹபு இரண்டு ஆட்டங்களை வென்றார். ஃபுஜீ 4-2 என்று தக்கவைத்தார்.

வயது வாரியாகப் பார்த்தால் ஃபுஜீ முந்துகிறார். நீடித்த காலத்தை அளவுகோலாக எடுத்தால், 99-க்கு அருகில் செல்ல அவருக்கு இன்னும் பல ஆண்டுகள் தேவை. என்னைக் கேட்டால், 52 வயதில் 20 வயது ஃபுஜீயிடம் இரண்டு ஆட்டம் பறித்தவரைத் தாழ்த்திச் சொல்ல நா எழவில்லை.

ஷோகி தெரியாது. அவரோட ஒரே ஒரு ஆட்டம் பார்க்கணும்னா எது?

எட்டாவது பட்டம் வந்த ஆட்டம்: 2023 அக்டோபர் 11, கியோட்டோ, ஓசா தொடரின் நான்காம் ஆட்டம். எதிரே நகாசே தகுயா. 2017 முதல் ஃபுஜீயோடு தனியறையில் பயிற்சி ஆடிவரும் அண்ணன் போன்றவர். அந்தத் தொடரை வென்றால் ஓசாவில் நிரந்தரக் கௌரவப் பட்டம் நகாசேக்குக் கிடைத்திருக்கும். ஃபுஜீயோ அந்தத் தொடருக்கே தட்டுத்தடுமாறி வந்தவர். தகுதிச்சுற்றில் முராட்டா அகிஹிரோவிடம் தோற்கும் நிலையிலிருந்து மீண்டிருந்தார்.

நான்காம் ஆட்டத்தின் இறுதிக் கட்டத்தில் வெற்றி வாய்ப்பைக் காட்டும் திரையின் மதிப்பீட்டுப் பட்டை நகாசேக்கு 99 விழுக்காடு காட்டியது. அவருடைய நேரம் தீர்ந்துவிட்டது. ஒவ்வொரு நகர்வுக்கும் ஒரு நிமிடம் மட்டும். நொடிகளை எண்ணும் குரல் கேட்டுக்கொண்டிருக்க, வெற்றி தரும் நகர்வை விட்டுவிட்டு வேறொன்றைச் செய்தார். பட்டை சட்டென்று மறுபுறம் சாய்ந்தது. பட்டை அவருக்குத் தெரியாது. ஆனால் காயை வைத்த சில நொடிகளில் தம் தவறு அவருக்கே விளங்கிவிட்டது. இரு கைகளாலும் தலைமுடியைப் பிய்த்துக்கொண்டார், தொடையில் அடித்துக்கொண்டார். எதிரே ஃபுஜீ நிமிராமல் பலகையையே பார்த்துக்கொண்டிருந்தார். 138-ஆவது நகர்வோடு நகாசே தலைவணங்கித் தோல்வியை ஒப்புக்கொண்டார். பிறகு வழக்கம்போல இருவரும் காய்களைப் பின்னோக்கி நகர்த்தி, எந்த இடத்தில் என்ன செய்திருக்கலாம் என்று தாழ்ந்த குரலில் பேசத் தொடங்கினார்கள்.